பழைய போட்டிச் சதுரங்கக் காய்கள்: சேகரிப்பதும் அதேபோல் செய்து எடுப்பதும்

திருகோணமலையில் பிள்ளைகள் சதுரங்கம் பழகும் எந்த இடத்துக்குப் போனாலும் மேசையில் இருப்பது ஒன்றுதான்: சுருட்டி எடுத்துப்போகும் விரிப்புப் பலகை, அதன் மேல் பிளாஸ்டிக் காய்கள். அந்தக் குதிரையின் பிடரியையும், கோட்டையின் உச்சியிலுள்ள வெட்டுகளையும், ராசாவின் தலையிலுள்ள சிலுவையையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 1849இல் லண்டனில் விற்பனைக்கு வந்த ஒரு மரச் செட்டின் வடிவம் அது. அந்த முதல் செட்டைப் பார்த்து இன்னொருவர் செய்தார், அவருடையதைப் பார்த்து வேறொருவர் செய்தார், கடைசியில் அது பிளாஸ்டிக் அச்சில் வந்து நிற்கிறது. அதாவது, பழைய செட்டின் பிரதி ஒன்று ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது.

பழைய போட்டிச் செட்டுகளைத் தேடிச் சேகரிப்பவர்களும், அவற்றை அளந்து அதேபோல் புதிதாகச் செய்பவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்த ஆர்வத்துக்குள் முதன்முதலாக எட்டிப் பார்ப்பவருக்காக எழுதுகிறேன். மரத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்முடைய மாவட்டத்துக் காடுகளில் நிற்கும் ஒரு மரத்துக்கும் இந்தக் கதைக்கும் நெருங்கிய உறவு உண்டு.

எது போட்டிச் செட்?

சதுரங்கக் காய்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு. யானை மேல் ராசா, வாளோடு நிற்கும் சிப்பாய், நுணுக்கமான செதுக்கல். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் அதை வைத்து நாலு மணி நேரம் ஆடிப் பாருங்கள். எது மந்திரி, எது ராணி என்று ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்க்க வேண்டும். கை பட்டால் சாயும், வாள் முறியும்.

மற்றது ஆடுவதற்கென்றே செய்தது. மணிக்கூடு ஓடும்போது ஒரே பார்வையில் எல்லாக் காயும் தெரிய வேண்டும். அவசரத்தில் தூக்கி வைத்தாலும் நேராக நிற்க வேண்டும். கண்ணைக் களைக்க வைக்கக் கூடாது. போட்டிச் செட் என்பது ஒரு கருவி. அதன் அழகு முழுவதும் அந்த வேலைக்காகப் பிறந்த அழகு. என்னைக் கேட்டால், பத்து அலங்காரச் செட்டுகளைவிட, உண்மையிலேயே ஆடித் தேய்ந்த ஒரு போட்டிச் செட் மேல்.

1849க்கு முன்பு ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வடிவம் இருந்தது. இங்கிலாந்தில் செயின்ட் ஜோர்ஜ், பார்லிகோர்ன் என்ற வடிவங்கள், பிரான்சில் ரெஜான்ஸ் வடிவம். பல உயரமாகவும் மெல்லியதாகவும் இருந்தன. ஓர் ஊர்க்காரர் இன்னோர் ஊர்ப் பலகையில் உட்கார்ந்தால் காய்களை அடையாளம் காண்பதே முதல் வேலையாகிவிடும்.

1849 மார்ச் 1ஆம் திகதி நத்தானியேல் குக் என்பவர் லண்டனில் ஒரு புதிய வடிவத்தைப் பதிவு செய்தார். அதைச் செய்து விற்றவர் ஜோன் ஜேக்ஸ். அந்தக் காலத்தின் முன்னணி ஆட்டக்காரரும் பத்திரிகையில் சதுரங்கப் பத்தி எழுதியவருமான ஹோவர்ட் ஸ்டான்டன் அதற்குத் தன் பெயரைக் கொடுத்தார். செப்டெம்பரில் செட் விற்பனைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1851இல், அதே ஸ்டான்டனின் முயற்சியில் லண்டனில் முதலாவது சர்வதேசச் சுற்றுப்போட்டி நடந்தது. ஜேர்மனியரான அடோல்ஃப் அன்டர்சன் வென்றார். பல நாட்டவர் ஒரே மண்டபத்தில் ஆடத் தொடங்கிய காலமும் எல்லோருக்கும் புரியும் காய் வந்த காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

ஸ்டான்டன் வடிவத்தின் கெட்டித்தனம் அதன் எளிமையில் இருக்கிறது. எல்லாக் காய்க்கும் ஏறத்தாழ ஒரே மாதிரியான அகன்ற அடியும் தண்டும். வேறுபாடு முழுவதும் தலையில். சிலுவை என்றால் ராசா, கிரீடம் என்றால் ராணி, ஆயரின் தொப்பி என்றால் மந்திரி, கொத்தளம் என்றால் கோட்டை, உருண்டை என்றால் காலாள். இவை எல்லாவற்றையும் கடைசல் இயந்திரத்தில் பெரும்பாலும் கடைந்தே எடுத்துவிடலாம். குதிரைக்கு மட்டும் உளி வேண்டும். அந்தக் குதிரைத் தலைக்கு முன்மாதிரி, ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டு இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் சலவைக்கல் குதிரை என்று சொல்வார்கள். மூச்சு வாங்கி நாசி விரிந்த அந்தக் கல்லுக் குதிரையின் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல பழைய ஜேக்ஸ் குதிரையைப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

1924இல் பாரிஸில் தொடங்கிய உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இன்றைக்கும் ஸ்டான்டன் வடிவத்தைத்தான் பரிந்துரைக்கிறது. ராசாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ., ராணி 8.5, மந்திரி 7, குதிரை 6, கோட்டை 5.5, காலாள் 5. அடியின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். பலகைக்கும் காய்களுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: ஒரு கட்டத்துக்குள் நாலு காலாள்களை நெருக்கமாக வையுங்கள். சரியாக அடங்கினால் பொருத்தம் சரி.

எவற்றைத் தேடுகிறார்கள்

முதலிடம் ஜேக்ஸ் செட்டுகளுக்குத்தான். வெள்ளைக்குப் பொக்ஸ்வுட் என்ற மஞ்சள் சாயலுள்ள கெட்டி மரம், கறுப்புக்குக் கருங்காலி, அடியில் ஈயம், அதன் மேல் துணி. ராசாவின் அடி விளிம்பில் நிறுவனத்தின் பெயர் முத்திரை. இவற்றோடு, புதியவர்கள் கவனிக்காமல் விடும் ஓர் அடையாளமும் பல செட்டுகளில் இருக்கும். இரண்டு குதிரைகளில் ஒன்றின் தலையிலும் இரண்டு கோட்டைகளில் ஒன்றின் உச்சியிலும் மிகச் சிறிய கிரீட முத்திரை குத்தியிருப்பார்கள்.

அது எதற்கு? இன்று நாம் ஆட்டத்தை எழுதும்போது கட்டத்தின் பெயரை எழுதுகிறோம். அன்று இங்கிலாந்தில் "ராசாவின் பக்கத்துக் குதிரை", "ராணியின் பக்கத்துக் கோட்டை" என்றுதான் எழுதினார்கள். ஆட்டம் சூடுபிடித்து இரண்டு குதிரையும் நடுப்பலகைக்கு வந்துவிட்டால் எது எந்தப் பக்கத்துக் குதிரை என்று எப்படித் தெரியும்? கிரீடம் குத்தியது ராசாவின் பக்கத்தது. ஆட்டத்தை எழுதிப் படிக்கும் பழக்கம் மரத்தில் விட்டுச்சென்ற தடயம் அது. இப்படி ஒரு சின்ன முத்திரையிலிருந்து ஒரு காலத்து ஆட்டமுறையே தெரியவருவதுதான் இந்தச் சேகரிப்பில் எனக்குக் கிடைக்கும் பெரிய மகிழ்ச்சி.

அடுத்தது டுப்ரோவ்னிக் செட். 1950இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் டுப்ரோவ்னிக் நகரத்தில் நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாட்டின் ஒன்பதாவது போட்டி நடந்தது. சோவியத் தலைவர் ஸ்டாலினோடு யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ முறித்துக்கொண்டிருந்த நேரம். சோவியத் அணியும் அதன் கூட்டு நாடுகளும் வரவில்லை. பதினாறு அணிகள் ஆடின, யூகோஸ்லாவியாவே தங்கம் வென்றது. அந்தப் போட்டிக்கென்று பேத்தர் போச்செக் என்ற கலைஞர் புதிய காய்களை வரைந்தார். சமயச் சின்னங்களைத் தவிர்த்தார்கள், ஆகவே ராசாவின் தலையில் சிலுவை இல்லை. மந்திரியின் உச்சியில் எதிர் நிறத்தில் ஒரு சிறு குமிழ்: வெள்ளை மந்திரிக்குக் கறுப்பு, கறுப்பு மந்திரிக்கு வெள்ளை. அகன்ற அடி, தடித்த கழுத்து, தேவையில்லாத ஒரு கீறலும் இல்லாத குதிரை. அமெரிக்காவின் உலகச் சாம்பியன் பொபி ஃபிஷர் இந்தச் செட்டை மிகவும் விரும்பினார். அதனால் இன்று உலகில் அதிகமாகப் பிரதி செய்யப்படும் செட்டுகளில் இதுவும் ஒன்று.

சோவியத் செட்டுகள் வேறு உலகம். அங்கே சதுரங்கம் பாடசாலையிலும் தொழிற்சாலையிலும் பூங்காவிலும் ஆடப்பட்டது, ஆகவே காய்கள் இலட்சக்கணக்கில் வேண்டியிருந்தன. பேர்ச் போன்ற மலிவான மரம், கட்டியான வார்னிஷ், பெரும்பாலும் ஈயம் இல்லாத லேசான காய்கள். ஆனாலும் வடிவத்தில் ஒரு துணிவு இருக்கும்: நெட்டையான ராசா, கூர்மையாக வெட்டப்பட்ட குதிரை. தால் செட், பொட்வின்னிக்–ஃப்ளோர் செட் என்றெல்லாம் பெயர் கேள்விப்படுவீர்கள். இந்தப் பெயர்கள் தொழிற்சாலை வைத்தவை அல்ல. யாரோ ஒரு ஆட்டக்காரர் அந்தக் காய்களோடு இருக்கும் பழைய படத்தைப் பார்த்துச் சேகரிப்போரும் வியாபாரிகளும் பின்னால் வைத்த பெயர்கள். ஆகவே சோவியத் உலகச் சாம்பியன் தாலின் பெயரைச் சொன்னவுடன் தால் தொட்ட காய் என்று நினைத்துக் காசு கொடுக்க வேண்டாம். இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். மொர்தோவியச் செட் என்று விற்கப்படுபவை ரஷ்யாவின் மொர்தோவியா என்ற பகுதியின் தண்டனை முகாம்களில் கைதிகள் செய்தவை. அழகான காய்கள்தான், ஆனால் எந்தக் கைகள் செய்தன என்பதை மறந்துவிட்டுக் கையில் எடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

பிரான்சின் ஜூரா பகுதியிலிருந்து வந்த லார்டி செட்டுகளும் உண்டு. பார்த்தால் அடக்கமானவை, மற்றவற்றோடு ஒப்பிட்டால் கைக்கெட்டும் விலையில் கிடைப்பவை, தொடங்குபவருக்கு நல்லவை.

வாங்குவதற்கு முன் எங்கே பார்ப்பது

காயைத் திருப்புங்கள். மேலே எவ்வளவு பொலிஷ் போட்டாலும் அடி பொய் சொல்லாது. துணி புதிதாக இருந்தால் பிறகு மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது குற்றமல்ல, ஆனால் விற்பவர் அதைச் சொல்ல வேண்டும். துணி கிழிந்த இடத்தில் வெளிர் மரம் தெரிந்தால் அது கருங்காலி அல்ல, கறுப்புச் சாயம் ஏற்றிய வேறு மரம். குதிரையின் காது நுனி, கோட்டையின் விளிம்பு, ராசாவின் சிலுவை ஆகிய இடங்களிலும் சாயம் முதலில் தேயும்.

அப்புறம், முப்பத்திரண்டு காயையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். இரண்டு உடைந்த செட்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பது இந்தத் துறையில் சாதாரணம். எட்டுக் காலாள்களில் ஒன்றின் கழுத்து வளையம் மட்டும் தடித்திருக்கும், அல்லது ஒரு குதிரையின் முகவாய் மட்டும் நீண்டிருக்கும். நாலு குதிரையையும் ஒரே பக்கம் திருப்பி வைத்தால் கையால் செதுக்கியதன் சிறு வேறுபாடு எது, வேறு செட்டிலிருந்து வந்தது எது என்பது பழகப் பழகத் தெரியும்.

யானைத் தந்தத்தில் செய்த செட் எவராவது காட்டினால் தொட வேண்டாம். ஆசிய யானை 1975 முதலும் ஆபிரிக்க யானை 1990 முதலும் காட்டு உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலுக்குள் வந்தன. எவ்வளவு பழையது என்று சொன்னாலும் நாடு விட்டு நாடு கொண்டுவருவது சட்டச் சிக்கல். சட்டம் இருக்கட்டும், யானை நடமாடும் மாவட்டத்தில் வாழும் நமக்கு அதை மேசையில் வைக்க மனம் வரக் கூடாது.

பழைய காயை வாங்கியவுடன் சுரண்டிப் புதுப் பொலிஷ் போட வேண்டும் என்று கை துடிக்கும். செய்யாதீர்கள். பொக்ஸ்வுட் பல ஆண்டுகளில் தேன் நிறத்துக்கு வருகிறது; கைகள் பட்டுப் பட்டு ஒரு மினுக்கம் சேர்கிறது. சாண்ட் பேப்பரால் அதை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடலாம், திரும்பக் கொண்டுவர முடியாது. மென்துணியால் துடைத்து, கொஞ்சம் மெழுகு தடவினால் போதும்.

பிரதி செய்வது எப்படி

அசல் ஜேக்ஸ் செட் நம்மில் பெரும்பாலானோருக்கு எட்டாத விலை. ஆகவே நல்ல பிரதிதான் வழி, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இன்று உலகச் சந்தைக்கு வரும் கைவேலை மரச் செட்டுகளில் பெரும்பங்கு பஞ்சாபின் அமிர்தசரசில் செய்யப்படுகிறது. ஒரு காலத்தில் தந்தச் செதுக்கலில் பெயர்பெற்ற ஊர். தந்தம் தடைப்பட்டபின் அந்தக் கைகள் மரத்துக்கு வந்தன.

வேலை அளவெடுப்பதில் தொடங்குகிறது. க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு வேர்னியர் இடுக்கிமானி பழக்கமான சாமான். அடியின் விட்டம், ஒவ்வொரு வளையத்தின் விட்டம், கழுத்தின் ஒடுங்கிய இடம் என்று ஒவ்வொன்றையும் அளந்து காகிதத்தில் முழு அளவில் வரைய வேண்டும். படத்தை மட்டும் பார்த்துச் செய்பவர்கள் வழுக்குவது இங்கேதான். கைபேசியைக் கிட்டப் பிடித்து மேலிருந்து எடுத்த படத்தில் தலை பெருத்தும் அடி சிறுத்தும் தெரியும். அதை நம்பிக் கடைந்தால் காய் தலைக்கனத்தோடு நிற்கும். படம்தான் கிடைத்தது என்றால், தூரத்திலிருந்து காயின் உயரத்துக்கே கமராவை இறக்கி, பெரிதாக்கி எடுத்த படமாக இருக்க வேண்டும். தெரிந்த அளவுள்ள பொருள் ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும்.

வரைந்த கோட்டைத் தகரத்தில் வெட்டி எடுத்து, கடையும்போது காயின் பக்கத்தில் பிடித்துச் சரிபார்ப்பார்கள். பதினாறு காலாளும் ஒரே மாதிரி வர இதுதான் வழி. மந்திரியின் தொப்பி வெட்டு வாளால் ஓர் அறுப்பு. கோட்டையின் உச்சிக்கு அரம். இவை எல்லாம் பழகக்கூடியவை.

குதிரைதான் சோதனை. பெரும்பாலும் அடியை வேறாகக் கடைந்து, தலையை வேறாகச் செதுக்கி, இரண்டையும் ஒட்டுவார்கள். ஒரு பட்டறையில் கடைபவர்கள் பலர் இருக்கலாம், நல்ல குதிரை செதுக்குபவர் ஓரிருவர்தான் இருப்பார்கள். செட்டின் விலையில் பெரும்பகுதி அந்த நாலு தலைக்கே போகும். பிரதி பிழைக்கும் இடமும் இதுவே. அசலில் இல்லாத பிடரி மயிரையும் பல் வரிசையையும் சேர்த்துச் "சிறப்பாக" ஆக்கிவிடுவார்கள். டுப்ரோவ்னிக் குதிரைக்கு அப்படி ஒரு கீறல் கூடினாலும் அது டுப்ரோவ்னிக் அல்ல. அசலை உருவாக்கியவர் எங்கே உளியை நிறுத்தினாரோ அங்கேயே நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல பிரதி செய்பவர்.

கடைசியில் அடியில் துளையிட்டு எடை வைத்து, துணி ஒட்டுவார்கள். எடையை எவ்வளவு கூட்டினால் அவ்வளவு நல்லது என்று விளம்பரங்கள் சொல்லும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அளவுக்கு மிஞ்சிய எடை விரைவு ஆட்டத்தில் கையைக் களைக்க வைக்கும். எடையே இல்லாத சோவியத் செட்டின் பிரதிக்குள் ஈயத்தை ஊற்றினால் அது கையில் தரும் உணர்வே மாறிவிடும்.

நம்முடைய மரம், நம்முடைய காற்று

கருங்காலி இலங்கையின் உலர் வலயக் காட்டு மரம். திருகோணமலை மாவட்டமும் அந்த வலயத்துக்குள்தான் வருகிறது. உள்வைரம் மை போலக் கறுப்பு, தண்ணீரில் போட்டால் அமிழும் அளவுக்குக் கனம். ஐரோப்பாவின் தளபாடங்களுக்காக இலங்கைக் கருங்காலி அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. இன்று அது சட்டத்தால் பாதுகாக்கப்படும் மரம். யாராவது மலிவாக ஒரு துண்டு தருகிறேன் என்றால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பத்திரம் இல்லாத மரத்தில் செட் செய்வதைவிடச் சாயம் ஏற்றிய மரமே மேல். பழைய தளபாடத்தின் உடைந்த கால் கிடைத்தால் அது வேறு விஷயம். அதிலிருந்து கறுப்புக் காய்களைக் கடையலாம். வெள்ளைக்கு முதிரையின் பொன்னிறம் நன்றாகப் பொருந்தும். அதற்கும் புதிதாக மரம் தேடாமல் தளபாடப் பட்டறையில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் கச்சான் வீசும்போது மரம் காய்ந்து சுருங்கும். மாரியில் ஈரத்தைக் குடித்து ஊதும். உள்ளே இருக்கும் ஈயம் சுருங்காது, ஊதாது. சுற்றியுள்ள மரம் மட்டும் இறுகும்போது அடி வெடிக்கும். பழைய கருங்காலிக் காய்களின் அடியில் காணும் வெடிப்புகளுக்கு இது ஒரு பெரிய காரணம். ஆகவே மரத்தை நன்றாக உலரவிட்டுக் கடைய வேண்டும், எடைத் துளையைக் கொஞ்சம் இடம்விட்டுத் துளைக்க வேண்டும், செட்டை வெயில் படும் ஜன்னலோரத்திலும் மின்விசிறிக்கு நேர் கீழேயும் வைக்கக் கூடாது. மூடிய பெட்டியை மாரி காலத்தில் இடைக்கிடை திறந்து காற்றுப் பிடிக்க விடுங்கள். துணியில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.

ஈயம் நமக்குப் புதிதல்ல, வலைக்குக் கட்டுவதற்கு மீன்பிடிச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அதை வீட்டில் உருக்க வேண்டாம், ஈயப் புகை நஞ்சு. அளவுக்கு வெட்டிய இரும்புத் துண்டைத் துளைக்குள் வைத்து ஒட்டினால் அதே வேலை நடக்கும்.

நீங்களே ஒரு செட் செய்தாலும் செய்வித்தாலும், துணி ஒட்டுவதற்கு முன் இரண்டு ராசாக்களின் அடி மரத்திலும் செய்தவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் சூட்டுக்கம்பியால் எழுதிவிடுங்கள். துணியில் எழுதினால் அதைக் கிழித்துவிட்டு அசல் என்று விற்க ஒருவர் வரலாம். மரத்தில் இருந்தால், அறுபது ஆண்டு கழித்து அந்தச் செட்டைத் திருப்பிப் பார்க்கும் சேகரிப்பாளர் ஏமாற மாட்டார்.